போர் மனவடுவும் அவப்பெயரும்: திருநள்ளாறு – காரைக்கால் வட்டாரம்

போர் மனவடு என்பது, உயிர்போகும் ஆபத்தையோ கண்ணெதிரே நடந்த சாவையோ கடந்து வந்தவர்களை அது முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கும் மனநோய். மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்பார்கள். இதற்கு மருத்துவம் உண்டு, குணமும் உண்டு. ஆனால் படையில் இருந்தவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்தத் தயக்கத்துக்குக் காரணமான அவப்பெயரையும், அதைக் குறைக்க நடந்தவற்றையும், காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாற்றையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் முன்வைத்து இக்கட்டுரை சொல்கிறது.

இந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களும் இந்தியப் படையில் இருந்தவர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் ஓய்வூதியம் வாங்கிய ஊர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. அதோடு, காரணம் தெரியாத துன்பத்தோடு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் சனீஸ்வரனைத் தேடி வந்து இறங்கும் ஊரும் இதுவே.

நோயின் இயல்பு

நடந்தது கனவாகவும் விழிப்பிலேயே காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் ஆளையும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்குவது, எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து உடம்பு விறைத்தே இருப்பது ஆகிய மூன்றும் இந்நோயின் முக்கிய அடையாளங்கள். தேர்த்திருவிழா வாணவேடிக்கை, சாவு ஊர்வலத்து வேட்டு, தீபாவளிக்கு முதல்நாள் இரவு எல்லாம் இவர்களுக்குச் சோதனைக் காலம். தமிழ்நிலத்தில் இது பெரும்பாலும் உடம்பின் புகாராகவே முதலில் வெளிப்படும். ஈழப்போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1993இல் தமிழிலேயே ‘மனவடு’ என்ற நூலை எழுதியவர். நெஞ்சு படபடக்கிறது, தலை குத்துகிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று வந்தவர்களிடம்தான் அவர் போரின் பாதிப்பைக் கண்டார்.

சிலருக்கு நோய் உடனே தலைகாட்டுவதில்லை. பணியில் இருக்கும்வரை அணியும் ஒழுங்கும் தாங்கிப் பிடித்திருக்கும். ஓய்வுபெற்று வந்து ஓரிரு ஆண்டு கழித்து வெளிப்படும். இந்தத் தாமதம் மருத்துவத்துக்குச் சிறிய செய்தி. ஓய்வூதியக் கோப்புக்குப் பெரிய சிக்கல்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இதைச் சேர்த்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் பத்தாண்டுக்கு மேல் போராடியதன் பலன் அது. அதற்கு முன்பு முதல் உலகப்போரில் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் 1915இலேயே சார்லஸ் மையர்ஸ் இதை மருத்துவ இதழில் விவரித்திருந்தார். அப்படியிருந்தும் அந்தப் போரில் பிரிட்டிஷ் படை ஓடிப்போனவர், கோழை என்றெல்லாம் குற்றம்சாட்டித் தன் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். நோயாளியைக் கோழை என்று படையே எழுதிவைத்த காலத்தின் எச்சம்தான் இன்றைய அவப்பெயர்.

சொல்தாக்கள்

காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றியவர்கள் உண்டு. ஊர் அவர்களைச் சொல்தா என்று அழைத்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு போர் நினைவிடத்தில் அவர்கள் மலர்வளையம் வைப்பது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பழகிய காட்சி. அந்நாளில் சொல்தா என்றால் ஊரில் மதிப்பு, மாதாமாதம் பிராங்கில் பணம், பிள்ளைகளுக்குப் பாரிஸ். அந்த மதிப்போடு கெட்ட கனவுகள் ஒத்துவரவில்லை. மாலையில் அளவுக்கு மீறிக் குடித்தால் ‘சொல்தா பழக்கம்’ என்று ஊரும் வீடும் விட்டுவிடும்.

அல்ஜீரியா போனவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அங்கே 1954 முதல் 1962 வரை நடந்ததைப் பிரெஞ்சு அரசு நெடுங்காலம் ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்றே குறிப்பிட்டது. போர் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1999 அக்டோபர் 18இல். போரே நடக்கவில்லை என்று அரசு சொல்லும்போது போரால் மனம் கெட்டது என்று ஒருவர் எந்த மனுவில் எழுதுவது? ஆனாலும் பிரான்ஸ் ஒரு நல்ல காரியத்தை அதற்கு முன்பே செய்திருந்தது. 1992 ஜனவரி 10 ஆணை, போரால் வரும் மனநோய்களை அளவிடத் தனி விதிமுறை வகுத்து, அவை பல ஆண்டு கழித்தும் வெளிப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. பணியை விட்டபோது நன்றாகத்தானே இருந்தீர் என்ற கேள்விக்கு அதன்பின் சட்டத்திலேயே பதில் இருந்தது. அவப்பெயரைக் குறைக்க ஆயிரம் சுவரொட்டி செய்யாததை இப்படி ஒரு பத்தி செய்துவிடும்.

1990 மார்ச்

இந்திய அமைதிப்படை 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போனது. கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று அங்கிருந்து கிளம்பியது. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பி வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழ் மக்கள் மீது போர் நடத்திவிட்டு வந்த படை என்ற கோபம் தமிழகம் முழுவதும் இருந்த நேரம் அது. யாழ்ப்பாணத்துக்கு எதிர்க்கரையான நாகை, காரைக்கால் பகுதிகளில் அந்தக் கோபம் இன்னும் அருகில் இருந்தது.

அமைதிப்படையில் மதராஸ் ரெஜிமெண்டும் இருந்தது; தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் நிலைமை வேறெந்தப் போரிலிருந்து வந்தவர்களுக்கும் இல்லாதது. கார்கிலிலிருந்து வந்தவரை டீக்கடையில் உட்கார வைத்துக் கதை கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தன் மொழி பேசும் வீடுகளுக்குள் துப்பாக்கியோடு நுழைந்ததை அவர் எப்படிச் சொல்வார்? இங்கே அவப்பெயர் இரட்டை: போன போருக்கு ஒன்று, வந்த நோய்க்கு ஒன்று. கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் இப்படைக்கு 2008இல் நினைவிடம் எழுந்தது. தில்லியின் தேசியப் போர் நினைவகத்தில் இப்படையில் இறந்தவர்களின் பெயர்கள் இடம்பெற்றது 2019இல். இறந்தவர்களுக்குக் கல் கிடைத்தது. உயிரோடு திரும்பியவர்களின் மௌனத்தைக் கலைக்கத் தமிழ்ச் சமூகம் பெரிதாக முயலவில்லை.

கேட்டகரி

அவப்பெயர் என்றதும் ஊர்வாயைத்தான் நினைக்கிறோம். படைவீரரைப் பொறுத்தவரை அது முதலில் ஒரு காகிதம். இந்தியப் படையில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்தெழுத்து முறையில் மதிப்பிடுகிறார்கள். முதல் எழுத்தான எஸ் மனநிலைக்கு உரியது. ஒன்று என்றால் முழுத் தகுதி. எண் ஏற ஏறத் தகுதி குறையும். ‘கேட்டகரி போட்டுட்டாங்க’ என்று ஜவான்கள் சொல்வது இதைத்தான். எஸ்ஸில் கேட்டகரி விழுந்தால் கையில் ஆயுதம் தரமாட்டார்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுச் சமையல்கூடத்துப் பக்கம் நிற்பவரை அணி முழுதும் பார்க்கும். பதவி உயர்வும் அங்கேயே தட்டும்.

ஓய்வுக்குப் பிறகும் அந்த எழுத்து விடாது. டெல்டாவில் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஓய்வுபெறும் ஜவானுக்குக் கைக்கெட்டும் அடுத்த வேலைகள் இரண்டு: டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படையில் மறுபடி சேர்வது, அல்லது வங்கியில் ஆயுதக் காவலராவது. முன்னதற்கு ஷேப்–1 வேண்டும். பின்னதற்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும்; 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு மனநிலை சரியில்லாதவருக்கு உரிமம் மறுக்கச் சொல்கிறது. ஆகவே ‘தூக்கம் வரவில்லை’ என்று மருத்துவரிடம் சொல்வதற்கு விலை உண்டு. அது மாதச் சம்பளம். மகள் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் விலை இன்னும் கூடும். இதை அறியாமை என்று சொல்லி விழிப்புணர்வு முகாம் நடத்துபவர்கள், அந்த ஜவான் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாய்மூடி இருக்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்கப் படையில் சார்லஸ் ஹோகும் குழுவினரும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்தவர்களில் மனநோய் அறிகுறி உள்ளவர்களில் 23 முதல் 40 சதவீதம் பேரே உதவி நாடினார்கள். அறிகுறி உள்ளவர்களில் 65 சதவீதம் பேர் தங்களைப் பலவீனமானவர் என்று நினைப்பார்கள் என்றும், 63 சதவீதம் பேர் மேலதிகாரிகள் வேறுமாதிரி நடத்துவார்கள் என்றும் அஞ்சினார்கள். உதவி அதிகம் தேவைப்பட்டவருக்கே அச்சமும் அதிகம் இருந்தது.

இந்தியாவில் ஊனமுற்ற வீரர் ஓய்வூதியம் பெற, நோய் படைப்பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று மருத்துவக் குழு ஏற்க வேண்டும். மனநோய் என்றால் ‘பிறவிக் கூறு’ என்று எழுதிக் கோப்பை மூடுவது நெடுங்கால வழக்கம். தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இதைத் திருப்பிப் போட்டது. சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் ஆள் நலமாகச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அது வலிப்பு நோய் பற்றிய வழக்கு. அதே ஆண்டில், மனச்சிதைவு என்று சொல்லிப் பல ஆண்டுகளுக்கு முன் வெளியேற்றப்பட்ட ஒரு ஜவானின் வழக்கில், சரியான காரணம் காட்டாத மனநல அறிக்கையை ஏற்காமல், மறு மருத்துவக் குழு அமைக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்விரு தீர்ப்புகளுக்குப் பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயங்களில் ஜவான்களின் கை ஓரளவு ஓங்கியது.

சனீஸ்வரன் சந்நிதி

திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்கு வருபவர்கள் எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டு, மாற்றுடை உடுத்தி, கரையிலுள்ள நளன் கலிதீர்த்த விநாயகருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டுச் சனீஸ்வரனிடம் போவார்கள். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சியன்றும் கூட்டம் லட்சக்கணக்கில் வந்தது. நாடிழந்து, மனைவியைக் காட்டில் விட்டு, உருமாறி வேறொரு மன்னனிடம் தேரோட்டியாக இருந்த நளனுக்கு இங்கே பீடை நீங்கியது என்பது தலபுராணம்.

இங்கே நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் குளத்தில் இறங்குபவரிடம் உனக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. ‘ஏழரை நடக்குது’ என்ற ஒரு வாக்கியம் போதும். தூக்கமின்மை, கோபம், வீட்டில் சண்டை, குடி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். குற்றம் ஆளுடையது ஆகாது. கெடுவும் உண்டு, ஏழரை ஆண்டில் விலகும். பெயர்ப் பதிவேடு இல்லை, கேட்டகரி இல்லை. அவப்பெயர் இல்லாத வாசல் எப்படி இருக்கும் என்பதை மருத்துவமனைகள் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏழரை ஆண்டு காத்திருக்கும் நோய் இது இல்லை. இடையில் குடியும் தற்கொலை எண்ணமும் முந்திக்கொள்ளும்.

வழிபாட்டையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதற்குத் தமிழகத்தில் சான்று உண்டு. திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆர். ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், மருந்து இல்லாமலே நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. பூசாரியின் மந்திரத்தைவிட, இழிவுபடுத்தாத இடமும் உடன் தங்கிய உறவும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மறுபக்கம் தர்கா உள்ள ஏர்வாடி: 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைத்திருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். பின்னாளில் அதே தர்காவில் தொழுகையோடு மருந்தும் தரும் ‘தவா–துவா’ திட்டத்தை அரசு தொடங்கியது. சனிக்கிழமைக் கூட்டம் வந்து சேரும் திருநள்ளாற்றிலும் இப்படி ஒரு மருத்துவர் மேசை போட இடமிருக்கிறது.

சுனாமி தந்த பழக்கம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரையினர். அதன்பின் இக்கரைக்கு மனநல ஆலோசகர்கள் வந்தார்கள். மீனவப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு மாதம் கழித்துத் தமிழகக் கடலோர ஊர் ஒன்றில் எடுத்த கணக்கில் 12.7 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்தது. யாரும் வெட்கப்படவில்லை, ஏனென்றால் அலை எல்லோர் வீட்டுக்கும் வந்தது. படைவீரர் அனுபவம் நேர்மாறானது. அவரோடு இருந்தவர்கள் பஞ்சாபிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள். ஊரில் அவர் தனி ஆள். முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டங்களுக்கு இதனால்தான் மருத்துவ மதிப்பு உண்டு. ஓய்வூதிய நிலுவை பேசத்தான் கூடுவார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் தூக்கமின்மை பற்றிப் பேச்சை எடுப்பார்.

இன்றைய வழிகள்

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ள அதே காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி–மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கூப்பிடலாம். படையினருக்கான தனிப் பிரிவு 2023 டிசம்பர் 1 அன்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. ஓய்வுபெற்றவர்களுக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உண்டு. அதில் பொதுவாகப் பாலிகிளினிக் மருத்துவர் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டோடுதான் வெளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள் பழைய படைக்காரர்கள். அந்த வரிசையில் நின்று ‘மனநலம்’ என்று சொல்வதைவிடத் தொலைபேசி எளிது.

2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களில் நாலில் மூன்று பங்கினர் நான்கு ஆண்டில் வெளியேறுவார்கள். அவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. பணியால் வந்த ஊனத்துக்கு, அதன் அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் என்று மூன்று படிகளில் ஒருமுறைத் தொகை உண்டு. படையில் இருக்கும்போதே மருத்துவக் குழு அதை அளந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் வீடு திரும்பி, இருபத்தெட்டில் இரவு விழித்து எழுபவருக்கு இந்த விதிகளில் பத்தி எதுவும் இல்லை.