இயல்பு வகையும் ஒழுகலாறும்

மக்களை அவர்தம் இயல்பு பற்றிச் சில வகையாகப் பகுத்துக் காண்டல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். நம் நாட்டார் சாத்துவிகம், இராசதம், தாமதம் என முக்குணம் வகுத்தனர். மேல்நாட்டில் யுங் என்னும் உளநூலார் 1921-ஆம் ஆண்டில் அகமுக நோக்கினர், புறமுக நோக்கினர் என இருதிறம் கூறினார். அவர் கொள்கையைத் தழுவிப் பிரிக்ஸ், மையர்ஸ் என்னும் தாயும் மகளும் 16 வகை அமைத்தனர். ஒரு வகையின்பாற் பட்டார் அனைவரும் ஒன்றனையே விழைந்து ஒரு நெறியே ஒழுகுவரோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினாவிற்குத் திருப்பூர் வரலாறு தக்கதொரு சான்றாகும். 1925-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பனியன் பின்னும் தொழில் தோன்றியது. பின்னாளில், உழவர் குடியிற் பிறந்து ஆலைகளிற் கூலிக்கு உழைத்தார் பலர் தாமே முதலாளிகளாயினர். தம் உயர்விற்குக் காரணம் உழைப்பென்னும் தம் இயல்பே என்று அவர் கூறியதனைச் சரத் சாரி என்பார் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் எடுத்துரைக்கின்றது. அவ்வியல்பே ஒழுக்கத்தை வரையறுப்பதாயின், அதனையுடையார் யாவரும் ஒருபுறத்தே நிற்றல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1984-ஆம் ஆண்டிற் பஞ்சப்படி வேண்டி 127 நாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. நாடோறும் உழைத்த தொழிலாளர் ஒருபுறமும், அங்ஙனமே உழைத்து உயர்ந்த முதலாளிகள் பலர் மறுபுறமும் நின்றனர்.

நொய்யலாற்றின் செய்தியும் இதனையே வலியுறுத்தும். பாசனத்தின்பொருட்டு ஒரத்துப்பாளையத்தில் எழுப்பிய அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்புறத்து உழவர் வழக்காடினர். 2011 சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. வழக்காடிய உழவரும், உழவினின்று தொழிலிற் புகுந்த பட்டறையாளரும் ஒரு மண்ணின் மக்களே. அவரைப் பிரித்தது இயல்பன்று; அவரவர் நின்ற நிலையேயாம். ஒருவர்க்கு அவ்வாறு வயலுக்கு நீர் தரும் தாய். மற்றவர்க்குக் கழிவு போக்கும் கால்.

அற்றேல், இயல்பு பகுத்தல் பயனிலதோ எனின், அற்றன்று. ஒருவன் நெடுநாட் செய்யும் செயல்களை ஒருங்கு தொகுத்து நோக்கின் அவனியல்பு ஒருவாறு புலனாம். அதுகொண்டு அவன் நாளைச் செய்யும் ஒரு செயலை முன்னறிந்து கூறல் அரிது. 16 வகைத் தேர்வினைச் சில கிழமை கழித்து மீண்டும் எழுதுவாருட் பலர் வேறு வகையினராகக் காணப்படுகின்றனர். மக்களுட் பெரும்பாலார் இருதிறத்திற்கும் இடைப்பட்டு நிற்பாராதலின், சிறிது மாற்றமும் அவரை மற்றொரு வகையிற் சேர்த்துவிடும்.

முக்குணம் வகுத்தோர், மூன்றும் ஒவ்வொருவர்பாலும் கலந்து நிற்கும், மிக்கது பற்றியே பெயர் வழங்கும் என்றனர். ஆகலின் வகைப்பெயர் ஒன்றன் மிகுதியைக் குறிக்குமேயன்றி முழு மனிதனைக் குறிக்கமாட்டாது. வேலை தருவோரும், கடன் கொடுப்போரும், பெண் கொள்வோரும் ஒருவனை அவன் பெயர்வகை கொண்டு துணியாது, அவன் நிற்கும் நிலையும் செய்துவந்த செயலும் நோக்கித் துணிதலே முறையாம்.