பாக்சுவும் நாகமும்

இமயத்தின் தௌலாதார் மலைச்சரிவில், தர்மசாலாவையொட்டிய பாக்சுநாக் கோயிலில், திருடனும் பறிகொடுத்தவனும் ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள். வறட்சிக்குப் பயந்து, மலையேறி வந்து நாகத்தின் ஏரித் தண்ணீரைக் களவாடிய அரசன் பாக்சு. நாகம் அவனை வீழ்த்தியது. சாகுமுன் அவன் வேண்டிக்கொண்டபடி அவன் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதாம்.

கீழே, காங்ரா பள்ளத்தாக்கின் தேயிலைச் சரித்திரத்துக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. சீனச் செடி, 1849, டாக்டர் ஜேம்சன் என்று தொடங்குகிறது. 1905 ஏப்ரல் 4 அதிகாலையில் பூகம்பம். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். நான் படித்தவற்றில் அடுத்த வரியே, வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனதைப் பற்றிய துக்கம்தான். கொழுந்து கிள்ளியவர்கள் எதை விற்று, எங்கே போவது? மறு வருஷமும் செடி துளிர்த்தது. யாரோ கிள்ளியிருக்கிறார்கள்.