திரும்பி வராத காமாட்சி

எங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதை பலருக்கும் தெரியும். அரசனைப் பாட மறுத்த கணிகண்ணன் காஞ்சியைவிட்டு வெளியேற்றப்படுகிறான். குரு திருமழிசையாழ்வாரும் உடன் புறப்படுகிறார். அவர் பாட்டுக்குக் கட்டுப்பட்டு வெஃகாப் பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மூவரும் ஓரிரவு இருந்த இடம் ஓரிக்கை. அரசன் வந்து மன்றாட, எல்லோரும் திரும்பினார்கள். கவிதைக்கு வெற்றி என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

சரித்திரத்தில் இவ்வளவு சுலபமாகத் திரும்ப முடிவதில்லை. 1688 வாக்கில் முகலாயப் படைக்கு அஞ்சி வரதராஜரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் 1710இல் மீண்டதைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் பொன்னாலான பங்காரு காமாட்சி மீளவே இல்லை. ஊர் ஊராக அலைந்து கடைசியில் தஞ்சாவூர் மேலவீதியில் குடியேறினாள். அவளோடு அலைந்த அர்ச்சகர் குடும்பத்தில், 1762இல், திருவாரூரில் பிறந்தவர் சியாமா சாஸ்திரி.

தியாகையர் 1767, தீட்சிதர் 1775. மும்மூர்த்திகளும் திருவாரூரில் பிறந்ததைத் தெய்வ சங்கல்பம் என்று எழுதிக் கைகூப்புவது நம் சங்கீத எழுத்தின் பழக்கம். சாஸ்திரியைப் பொறுத்தவரை அந்த ஊர் ஓர் அகதிக் குடும்பத்தின் இடைத்தங்கல். இதைச் சொல்லாமல் விடுவதை நான் பக்தியாகக் கருதவில்லை, சோம்பல் என்றே நினைக்கிறேன்.

இரண்டு பைரவிகளைச் சேர்த்துக் கேட்கலாம். தீட்சிதர் காஞ்சியில் சில வருஷங்கள் வாழ்ந்தவர். ஏகாம்பரநாதர் மேல் அவர் செய்த கீர்த்தனையில் மாமரம் இருக்கிறது, சோமாஸ்கந்தர் இருக்கிறார். சாஸ்திரியின் ஸ்வரஜதியில் ஊரின் வர்ணனை கிடையாது. தஞ்சாவூரில் இருப்பவளைப் பல்லவியிலேயே காஞ்சி காமாட்சி என்று கூப்பிடுகிறார். அவருக்கு மிஞ்சிய காஞ்சி அந்தப் பெயர் மட்டும்தான். பிறகு எட்டுச் சரணங்கள், ஷட்ஜத்தில் தொடங்கி ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் மேலே போய், மேல் ஷட்ஜத்தில் முடிகிற வரிசை. ஆட்டத்துக்கான ஜதிகளோடு இருந்த ஒரு வடிவத்தை அவர் கேட்பதற்கு மட்டுமான இசையாக மாற்றினார். படிப்படியாக ஏறும் அந்த முறையீட்டில் வேண்டுதலோடு பிடிவாதமும் கேட்கிறது.

ஓரிக்கைக் கதையில் பாட்டு தெய்வத்தைப் பெயர்க்கிறது. சாஸ்திரியிடம் தெய்வம் பெயர்ந்த பிறகே பாட்டு பிறக்கிறது. அது யாரையும் ஊருக்குத் திருப்பி அழைத்து வரவில்லை. 1827இல் அவர் காலமானபோதும் பங்காரு காமாட்சி தஞ்சாவூரில்தான் இருந்தாள். இன்றும் அங்கேயே இருக்கிறாள். மும்மூர்த்திகளைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் அந்த வழிநடையையும் எழுத வேண்டும்.