பன்யன் நடந்த பாதை

வாழ்க்கையை ஒரு பயணமாகக் காண்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான மரபு. ஆயினும், அப்பயணத்தைக் கூறும் நூல்களுள் பல, முடிவிலுள்ள பேரின்பத்தை விரித்துரைக்குமளவுக்கு வழியை விரித்துரைப்பதில்லை. கல்லும் முள்ளும் பெயரளவில் வந்து போகும். ஆங்கில நாட்டு ஜான் பன்யன் இயற்றி, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்கும் நூலோ அத்தகையதன்று. அதில் வரும் சேறு உண்மையாகவே காலைப் பற்றி இழுக்கும். அத்திறம் அவருக்கு எங்ஙனம் வாய்த்தது என்பதை அறிய, அவர் காலத்து அன்றாட வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பன்யன் 1628-ஆம் ஆண்டில், பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடுவது தந்தையின் தொழில். மகனும் அதையே மேற்கொண்டார். கருவிகளைச் சுமந்து ஊரூராய் நடப்பவனுக்கே வழியின் அருமை தெரியும். முதுகில் சுமையோடு புறப்படும் ஒருவனைத் தம் கதைத்தலைவனாக அவர் படைத்ததில் வியப்பில்லை.

அந்நாளைய ஆங்கிலச் சாலைகள் எத்தகையன? 1555-ஆம் ஆண்டின் சட்டமொன்று, அந்தந்த ஊர்ப் பாதையை அந்தந்த ஊராரே ஆண்டுக்கு நான்கு நாள் கூலியின்றி உழைத்துச் செப்பனிடவேண்டும் என்று விதித்தது. 1563-இல் நான்கு நாள் ஆறு நாளாயிற்று. வசதியுள்ளோர் வண்டியும் மாடு குதிரைகளும் தரவேண்டும். ஆனால், பெட்ஃபோர்டுக்குத் தெற்கே பரந்து கிடப்பது களிமண் நிலம். கோடையில் வண்டி வண்டியாகக் கொட்டிய கல்லை மாரிக்காலத்துச் சேறு விழுங்கிவிடும். மறுவருடமும் அதே வேலை! வழிச்செல்வோரிடம் சுங்கம் வாங்கிச் சாலையைப் பேணும் முறைக்கு முதற்சட்டம் பிறந்ததே 1663-இல்தான்.

இனி நூலுக்கு வருவோம். தலைவன் புறப்பட்ட சிறிது நேரத்தில் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகிறான். அச்சேற்றைத் தூர்க்க அரசனின் ஆட்கள் 1,600 ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றனர் என்றும், குறைந்தது 20,000 வண்டிச் சுமை அதனுள் மறைந்துவிட்டது என்றும் பன்யன் எழுதுகிறார். அவ்வண்டிகளில் வந்தவை யாவை? நல்ல அறிவுரைகள்! அத்தனையும் கொட்டியும் சேறு சேறாகவே இருக்கிறது. ஆயினும், அதன் நடுவே உறுதியான படிக்கற்கள் சில உண்டு. பாவமன்னிப்பைப் பற்றிய இறைவனின் வாக்குறுதிகளே அக்கற்கள் என்பது நூலாசிரியர் தரும் விளக்கம். அச்சத்தில் அமிழ்ந்தவன் அவற்றைக் காண்பதில்லை என்பதே துயரம்.

ஆண்டுதோறும் ஊர்ப்பாதையில் கல் கொட்டிய குடியானவனுக்கு இதற்கு உரை வேண்டுமோ? குற்ற உணர்வில் மூழ்கியவனை உபதேசக் குவியல் கரையேற்றாது. கால் ஊன்ற ஒரு கல்லே கரையேற்றும். கிறிஸ்தவ சமயத்தின் அருளைப் பற்றிய ஆழ்ந்த கொள்கையொன்று, சாலைவேலைக்காரனின் அனுபவத்திலிருந்தே எடுத்துக்காட்டப்பட்டுவிட்டது.

இதனை எழுதியவர் நெடுங்காலம் நடக்கவே வழியற்றிருந்தவர். உரிமம் பெறாமல் சமயச் சொற்பொழிவு ஆற்றினார் என்று 1660 நவம்பரில் சிறைப்பட்டார். 1672 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், பெட்ஃபோர்டுச் சிறையில் கழிந்தன. இனிப் பேசுவதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் கண்ணில்லாத மூத்த மகள் இருந்தாள். அவளை நினைத்துக் கலங்கியபோதும் அச்சொல்லை அவர் கொடுக்கவில்லை. காலணிக் கயிறுகளுக்கு முனை பொருத்தும் வேலை செய்து குடும்பத்துக்கு அனுப்பினார். சிறைவாசத்தின் விளைவான அந்நூலின் முதற்பாகம் 1678-இல் அச்சேறியது.

நூலில் மற்றோரிடமும் கருதத்தக்கது. கால் நொந்த பயணிகள் இருவர், கரடான பெருவழியை விட்டு மெத்தென்ற புல்வெளிப் பாதையில் இறங்குகின்றனர். அது அவர்களை ஓர் அரக்கனின் கோட்டையில் கொண்டு சேர்க்கிறது. தப்பி வந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, பின்வருவோர் ஏமாறாதபடி அவ்விடத்தில் எச்சரிக்கைத் தூண் ஒன்றை நாட்டுவதே. தமிழர்க்கு இது புதிதன்று. சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படைகள் பத்துப்பாட்டில் ஐந்து உள. வழுக்கும் பாறை எது என்பதையும் மலைபடுகடாம் கூறத் தவறவில்லை.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பன்யனின் கதையைத் தழுவி இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், உரைநடைக் கதையை ஐந்து பருவங்கள் கொண்ட விருத்தக் காப்பியமாக்கினார். ஏழைத் தொழிலாளியின் எளிய கதைக்கு இவ்வளவு அணி ஏன் என்று கேட்கலாம். பெட்ஃபோர்டுக் குடியானவன் கால் ஊன்றப் பழகிய கல் ஒன்று. தமிழ்ப் புலவர் கால் ஊன்றப் பழகிய கல் மற்றொன்று. கேட்போர் நிற்கும் இடமறிந்து கல்லிட்டமையால் இருவர் செயலும் ஒன்றே. மாணவன் நின்று தடுமாறும் இடத்தை அறியாமல் பாடத்தைக் கொட்டுவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

பன்யனின் இறுதியும் பயணத்திலேயே நேர்ந்தது. 1688 ஆகஸ்டில், மகனிடம் பிணங்கிய தந்தை ஒருவரைச் சமாதானப்படுத்த ரெடிங் நகருக்குக் குதிரையேறிச் சென்றார். அங்கிருந்து லண்டனுக்குச் செல்லும் வழியில் பெருமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு அம்மாதம் 31-ஆம் நாள் மறைந்தார். பிரிந்த தந்தையையும் மகனையும் சேர்த்து வைப்பதே அவருடைய சமயத்தின் சாரம். அதனை எழுத்தில் தந்தவர், மழையில் நனைந்தும் செய்து காட்டினார்.