கமக்காரன் நட்ட காடு



பரி நகரத்துக்கு வடக்கே போகும்போது வரிசை வரிசையாய் நிற்கும் பைன் மரங்களைக் கண்டிருப்பீர்கள். தானாய் முளைத்த காடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் பின்னால் ஒரு கமக்காரர் இருக்கிறார்.

அவர் ஏர்னஸ்ட் சார்ள்ஸ் ட்ரூரி. 1878இல் அங்கே, கிரவுன் ஹில் கிராமத்தில் பிறந்தவர். முதலாம் உலகப்போரின்போது, கமக்காரரின் பிள்ளைகளைப் படைக்குப் பிடிக்கமாட்டோம் என்றிருந்த கனடிய அரசு 1918இல் வாக்கு மாறியது. பிள்ளையைப் படைக்கு இழுத்துப்போனால் பெற்றவர் படும் பாட்டை எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து, 1919 ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் கமக்காரர் கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. அந்தத் தேர்தலில் போட்டியிடாத ட்ரூரியையே முதல்வராக்கினார்கள்.

பிள்ளைகளோடு தவித்த விதவைத் தாய்மாருக்கு 1920இல் உதவிப்பணம் கொண்டுவந்தார். மரங்களை வெட்டியதால் மணல் பறந்த தரிசு நிலங்களை சிம்கோ உள்ளூராட்சி வாங்க, 1922இல் அவரது அரசு அங்கே மரம் நடத் தொடங்கியது.

1923இல் ஆட்சி போனது. அவர் தன் கமத்துக்கே திரும்பினார். 1968இல் காலமானார்.

ஆட்சி நாலு வருடம்கூட நிலைக்கவில்லை. சிம்கோவின் காடோ இன்று 33,000 ஏக்கருக்கும் மேல். அடுத்தமுறை அந்த வழியால் போனால், காரை நிறுத்திப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.