ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு, ஒரே தகுதி: பதாயூனியும் அபுல் ஃபசலும்

1574ஆம் ஆண்டு அக்பரின் அவைக்குள் இரண்டு அறிஞர்கள் அடியெடுத்து வைத்தனர். ஒருவர் அப்துல் காதிர் பதாயூனி. மற்றவர் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான அபுல் ஃபசல். இருவரும் ஷேக் முபாரக்கிடம் பயின்றவர்கள். இளையவருக்கு அவர் தந்தையும்கூட. இருவருக்கும் தொடக்கத்தில் வழங்கப்பட்டது 20 என்னும் மிகக் கீழான மன்சப் தகுதியே. 1602இல் கொலையுண்டபோது அபுல் ஃபசல் 5,000 தகுதியை எட்டியிருந்தார். பதாயூனிக்குக் கிட்டியது 1,000 பிகா மானிய நிலம்.

இந்த இடைவெளிக்குப் பதாயூனி தம் ‘முந்தகபுத் தவாரிக்’ நூலில் கூறும் காரணம் ஒன்றே: இளையவர் அரசரின் மனநிலையை அறிந்து புகழ்ந்தார், காலத்துக்கேற்ப வளைந்தார். இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. அக்பர் கிழக்குப் படையெடுப்பில் வென்று திரும்பியபோது, திருக்குர்ஆனின் ‘வெற்றி’ அத்தியாயத்துக்கு உரை எழுதிக் காணிக்கையாக்கியவர் அபுல் ஃபசல். அந்தத் தேர்வு தற்செயலாக நிகழ்ந்தது என எவரும் நம்பமாட்டார். பின்னர் அவர் எழுதிய ‘அக்பர்நாமா’வில் அரசர் இறையொளியைத் தாங்கிய பிறவியாகவே நிற்கிறார்.

ஆனால் பதாயூனி தம் நூலிலேயே இன்னொரு செய்தியையும் பதிவு செய்துவிடுகிறார். மன்சப் பெற்றவர் தம் தகுதிக்குரிய குதிரைகளைக் கொண்டுவந்து சூடிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். இரவல் குதிரைகளைக் காட்டி ஊதியம் பெறும் மோசடியை ஒழிக்க வந்த ஏற்பாடு அது. அறிஞனுக்கு உவப்பற்ற, தொழுவ நாற்றம் வீசும் அலுவல். அபுல் ஃபசல் அதனை ஏற்று முறையாகச் செய்தார். அதுவே அவர் உயர்வுக்கு முதற்படி ஆயிற்று. பதாயூனியால் அதனைத் தொடர இயலவில்லை. மானிய நிலத்தைப் பெற்று ஒதுங்கினார். விடுப்பு முடிந்தும் திரும்பாமல் அரசரின் சினத்துக்கும் ஆளானார். மேலும், ‘அக்பர்நாமா’ எழுதும் ஆணை பிறந்தது 1589இல். அதற்குமுன்பே அபுல் ஃபசல் 1,000 தகுதியை அடைந்துவிட்டார். பெரும்புகழ்ச்சி பின்னால் வந்தது. பதவி முன்னால் வந்தது.

பதாயூனியும் அவைமொழி அறியாதவர் அல்லர். 1576இல் ஹல்திகாட் போருக்குச் செல்ல விடை கேட்டபோது, அரசருக்கான பற்றுறுதியில் தம் தாடியைக் குருதியால் சிவப்பாக்கிக்கொள்ள விழைவதாக விண்ணப்பித்தார். அரசரின் கை நிறைந்த பொற்காசுகளைப் பெற்றுக்கொண்டார். இதனை அவர் மகிழ்வுடனேயே எழுதுகிறார். தம் வாயிலிருந்து வந்தால் அது பற்று, பிறர் வாயிலிருந்து வந்தால் முகத்துதி! (பல்கலைக்கழகத் தாழ்வாரங்களை அறிந்தவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதன்று.)

மன்சப் முறைமையில் தேர்வு இல்லை, பணிமூப்பு உரிமை இல்லை. ஏற்றமும் இறக்கமும் ஒரே மனிதரின் உவப்பில் அடங்கியிருந்தன. அத்தகைய அமைப்பில் புகழுரை என்பது தனிமனித இழிகுணமாக மட்டும் இருக்கவில்லை. விண்ணப்பம் எழுதப்படும் மொழியே அதுதான். ஆகவே பதாயூனியின் கசப்பை நேர்மையின் சான்றாக அப்படியே ஏற்பதும், பொறாமை என்று தள்ளிவிடுவதும் ஆய்வாளருக்கு எளிதான வழிகள். தக்காணத் தூதின்போது அபுல் ஃபசலின் தமையன் ஃபைசி 1592இல் அரசருக்கு எழுதிய கடிதம் இரண்டையும் தடுக்கிறது. அரசரின் அருளை இழந்திருந்த பதாயூனிக்காக, அவருடைய கல்வியையும் பேராசையின்மையையும் எடுத்துரைத்துப் பரிந்து பேசும் கடிதம் அது. அக்காலத்தில் ஒரு பணியாளருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த சான்றிதழ்.

பதாயூனி அக்கடிதத்தை முழுமையாகப் படியெடுத்துத் தம் நூலில் சேர்த்தார், அதுவும் ஃபைசியைக் கடுமையாக இகழும் பகுதியிலேயே. இவ்வளவு உதவியவரை இகழ்வது தகுமா என்ற வினாவையும் தாமே எழுப்பி, நட்பைவிடச் சமயக் கடமை பெரிது என்று விடை சொன்னார். அந்நூல் அக்பர் வாழ்ந்தவரை வெளிவரவில்லை. ஜஹாங்கீரின் ஆட்சியில்தான் பிறர் கண்ணில் பட்டது.