கம்பெனி ஊரில் ஒரு பொதுக் கட்டடம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கே, ஜாரா, கார்ரி மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நூறாண்டுக்கு மேல் மரம் அறுத்தே பிழைத்த சிற்றூர்கள் பல உண்டு. அங்கே மிஞ்சியிருக்கும் பழைய மரப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசுவோர் முதலில் கட்டடத்தின் நேர்த்தியைத்தான் சொல்வார்கள். சொல்லத் தகுந்த நேர்த்திதான். கார்ரி வளரும் பகுதிகளில் தச்சர்கள் கட்டிய முறையைப் பாருங்கள்: தரையில் ஊன்றிய குட்டையான ஜாராக் கால்கள், அவற்றின் மேல் கார்ரிச் சட்டங்கள், ஒன்றன் விளிம்பை ஒன்று மூடினாற்போல் அடித்த பலகைச் சுவர், நெளிதகரக் கூரை. இரண்டு மரங்களையும் இடம் மாற்றிப் போட்டால் கட்டடம் நிலைக்காது. மண்ணைத் தொடும் இடத்தில் கரையான் எளிதில் அண்டாத ஜாராவின் வைரம். நெடிதுயர்ந்து நேராக வளர்ந்தாலும் கரையானுக்கு இரையாகிவிடும் கார்ரி, மண்ணுக்கு மேலே. ஆனால் இதே தச்சு அறிவு பக்கத்துத் தொழிலாளி வீட்டிலும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மட்டுமே உரிய மதிப்பு வேறு. ஊர் முழுவதும் ஒரே முதலாளியின் சொத்தாக இருந்த இடத்தில், அந்த முதலாளியிடம் சம்பளம் வாங்காத ஒருவர் அன்றாடம் வேலை பார்த்த கட்டடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

1870-களின் தொடக்கத்தில் ஜாராடேலில் பெரிய அளவில் காலூன்றிய இந்தத் தொழில், லண்டன் தெருக்களில் பாவும் கட்டைகளாகவும், இந்திய ரயில் பாதைகளுக்கு ஸ்லீப்பர் கட்டைகளாகவும் ஜாராவைக் கப்பலேற்றியது. 1902-இல் எட்டு நிறுவனங்கள் இணைந்து மில்லர்ஸ் என்ற பெருநிறுவனம் உருவானது. அதற்குக் ‘கம்பைன்’ என்றே பெயர் நிலைத்தது. அதன் ஊர்களில் வீடு கம்பெனியுடையது, மளிகைக் கடை கம்பெனியுடையது, மரம் இழுத்துவரும் ரயில் பாதையும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தம் என்று வாய் திறப்பவனின் மனைவி எந்தக் கடையில் கடன் சொல்வாள் என்று யோசித்தால் அந்த அதிகாரத்தின் கனம் விளங்கும். பள்ளி வந்த வழி இதிலிருந்து விலகியது. 1871-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் குழந்தைகளின் படிப்பை அரசின் கடமையாக்கியது. பலகையைக் கம்பெனி கொடுத்திருக்கலாம், நிலமும் அதன் குத்தகைக்குள் இருந்திருக்கலாம். ஆசிரியரை நியமித்ததும், சம்பளம் கொடுத்ததும், ஆய்வாளரை அனுப்பியதும் பெர்த்தில் இருந்த கல்வி அதிகாரிகள். மரமறுப்பவனை ஆலை மேலாளர் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடலாம். ஆசிரியரை அனுப்ப அவர் தலைநகருக்கு எழுதிப்போட வேண்டும்.

1913-இல் அரசே மர ஆலைகளை நடத்தத் தொடங்கியதே, பெம்பர்ட்டன் போன்ற ஊரில் ஆலைக்கும் பள்ளிக்கும் முதலாளி ஒருவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரசு ஆலையும் லாப நஷ்டம் பார்த்து நடந்த வணிகம்தான். கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டைகளை அறுத்துத் தள்ள வேண்டிய நெருக்கடி அதற்கு இருந்தது. பள்ளியின் வரவு செலவு அந்தக் கணக்கில் சேரவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அந்தப் பொதுவில் எல்லோரும் இருந்தார்களா? இல்லை. அந்தக் காட்டின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் குழந்தைகளை, வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் அரசுப் பள்ளியிலிருந்து விலக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த மாநிலத்தில் இருந்தது. இதற்குச் சமாதானம் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கட்டடத்தைக் காப்பவர்கள் வருகைப் பதிவேட்டில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் கதையையும் அங்கே எழுதிவைத்தாக வேண்டும்.

பலகையை மாற்றியாயிற்று, கால்களும் புதியவை, பிறகு எது பழைய கட்டடம் என்பவர்களும் உண்டு. கல் கட்டடத்தை அளக்கும் கோலால் மரத்தை அளப்பதால் வரும் குழப்பம் இது. மரக் கட்டடம் பழுது பார்க்கப் பார்க்கத்தான் ஆயுள் கூடும். அத்தோடு, சுற்றுவட்டாரக் காடு தீர்ந்ததும் ஆலை நகரும் என்று தெரிந்தே எழும்பிய ஊர்கள் பல. அங்கே பிரித்தெடுத்துப் போய் வேறிடத்தில் பூட்ட முடிவது கட்டடத்தின் குணங்களில் ஒன்று. உண்மையில் அஞ்ச வேண்டியது தீக்குத்தான். 1961 ஜனவரியில் டுவெல்லிங்கப்பை எரித்த காட்டுத்தீயில் ஹோலியோக், நாங்கா புரூக் என்ற ஆலைக் குடியிருப்புகளும் அழிந்தன. அவற்றை மறுபடி யாரும் கட்டவில்லை. 2016 ஜனவரியில் யார்லூப் எரிந்தபோது இரண்டு உயிர்களோடு மில்லர்ஸின் பழைய பட்டறைகளும் போயின. இத்தனைக்குப் பிறகும் டோனலி ரிவரில் 1978-இல் மூடிய ஆலையைச் சுற்றியிருந்த மர வீடுகள் நிற்கின்றன, விடுமுறை விடுதிகளாக. பிபுல்மன் நெடும்பாதையில் நடந்து வருவோருக்கு அங்குள்ள பழைய பள்ளிக்கூடம் இராத்தங்கும் இடமாக உதவியிருக்கிறது. கால்கள் எந்த மரம் என்பதோடு, ஆசிரியரின் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.